கோட்டைத் தளபதியும் என் பாஸும்

இன்று வவுனியா இன்ரநெற் கபேயில் என் நண்பர்கள் இருவருக்குள் சண்டை.

கணினி விளையாட்டில் வரும் கோட்டைத் தளபதியைப் பற்றித்தான். உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற வாசலை மூடி, அகதிகளில் பாதிப்பேரை வெளியிலேயே விட்டுவிடுகிறவர்.

"அவர் தியாகி" என்றான் ரமணன்.

"விசரோ? அவன் துரோகி" என்றான் நஸீர்.

மகனின் மின்னஞ்சல் பார்க்க வந்திருந்த அக்கா ஒருவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"தம்பியவை, ஆரை உள்ளுக்கு விடுறதெண்டு அவரோ முடிவெடுக்கிறது?"

"ஓம் அக்கா."

"அப்ப அவர் பாஸ் குடுக்கிறவர். அவரை நல்லவர், கெட்டவர் எண்டு கதைக்கிறேல்ல. 'ஐயா' எண்டுதான் கதைக்கிறது."

வவுனியாவில் தங்கப் படையினர் எனக்குத் தந்த அனுமதிப் பாஸ் நாளையோடு முடிகிறது. ஆகவே, ஐயா மிகவும் நல்லவர் என்பதே என் அரசியல் நிலைப்பாடு.

உங்கள் நிலைப்பாடு என்ன? பாஸ் முடியும் திகதியையும் சேர்த்து எழுதுங்கோ.