ஆடியில ஒட்டுன நோட்டீஸ்

ஆடி மாசத்துல கல்யாண நோட்டீஸ் குடுத்த புத்திசாலிங்க மதுரையில நாங்களாத்தான் இருப்போம். யோசனை என்னோடது. பழியை யார் மேலயும் போட மாட்டேன்.

எங்க வீட்ல சௌராஷ்டிரா பேச்சு, சேலை வியாபாரம். என் வீட்டுக்காரர் உசிலம்பட்டிப் பக்கம். அவங்க தாத்தா காலம்வரைக்கும் அடுத்தவங்க காட்டுல கூலி வேலை. இவரு காலேஜ் வாத்தியார். அப்பா முடியவே முடியாதுன்னுட்டார். நான் மட்டும் லேசுப்பட்டவளா? சண்டை போட்டுக்கிட்டு ஆனையூர்ல இருந்த தோழி வீட்டுக்கு வந்துட்டேன். வந்த மூணாம் நாளே ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனோம்.

சடங்கு எதுவும் வேண்டாம், மூணு சாட்சி, கையெழுத்து, அம்புட்டுத்தான்னு முடிவு பண்ணியிருந்தோம். அதுக்கு முப்பது நாள் முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணுமாம். அதை ஆபீஸ் போர்டுல ஒட்டிவைப்பாங்க. ஆட்சேபணை இருக்கிறவங்க எழுதிக் குடுக்கலாம். வயசு பத்தலை, முதல் தாரம் உயிரோட இருக்கு, இப்படி ஏதாவது இருந்தாத்தான் அது நிக்கும். ஜாதி வேறங்கிறது காரணமே இல்லை. இதெல்லாம் தெரிஞ்சும், அப்பா கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாது, பட்டா எப்படியாவது நிறுத்திடுவார்னு பயம்.

ஆடியில யாரு வரப்போறா, ஆபீஸ் காத்து வாங்கும்னு கணக்குப் போட்டேன். எங்க வீட்டு விலாசத்தைக் குடுத்தா அப்பாவுக்குத் தெரிஞ்சுடும்னு தோழி வீட்டைப் போட்டு, ரெண்டு வருஷமா அங்கேதான் குடியிருக்கேன்னு கூசாம எழுதுனேன்.

ஆடிப்பெருக்கை மறந்து தொலைச்சுட்டேன். அன்னிக்கு இடம் வாங்குனவன் எல்லாம் பத்திரம் பதிய வந்துட்டான். போர்டுல வேற கல்யாண நோட்டீஸே இல்லை, எங்க ரெண்டு பேர் போட்டோ மட்டும் பளிச்சுனு. டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருந்தவங்களுக்கு வேற என்ன வேலை? எங்க சொந்தக்காரர் ஒருத்தர் போன்ல படம் எடுத்து அப்பாவுக்கே அனுப்பிட்டார்.

நாலு நாள் கழிச்சு ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. உங்கப்பா மனு குடுத்திருக்கார், ரெண்டு பேரும் வாங்கன்னாங்க.

போனா, அப்பா பெஞ்சுல உக்காந்திருக்கார். எனக்கு வந்த கோவத்துக்கு, பெத்தவரே கழுத்தறுக்கலாமான்னு வராண்டாவுலயே சத்தம் போட்டேன். அதிகாரி மனுவைக் காட்டினார். நோட்டீஸ்ல இருக்கிற விலாசம் பொய், அங்கே என் மகள் குடியிருக்கலைன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. போச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

அப்பா அப்பத்தான் எங்க வீட்டுப் பேச்சுல பேசினார். "பொய் எழுதிக் கல்யாணம் பண்ணாதே. நாளைக்கு எவனாவது இது செல்லாதுன்னு கேஸ் போட்டா நீதான் நடுத்தெருவுல நிப்பே. நம்ம வீட்டு விலாசத்தைப் போடு."

புது நோட்டீஸ் குடுக்கணும், மறுபடி முப்பது நாள் காத்திருக்கணும்னு அதிகாரி சொன்னார். எப்படியும் ஆவணிக்குள்ள முடிஞ்சுடும், சரின்னேன். புதுப் படிவத்தை எடுத்து, இந்த விலாசத்துல எத்தனை வருஷமா இருக்கீங்கன்னு கேட்டார். நான் திரும்பி அப்பா முகத்தைப் பார்த்தேன்.

அப்பாதான் பதில் சொன்னார். "பொறந்ததுல இருந்து இருக்கா சார். இன்னும் முப்பது நாள் இருப்பா."