வெங்காயமும் வில்லும்

திருநகரில் என் வீட்டு ஹாலில் பிள்ளைகளுக்கு ரஷ்யன் சொல்லித்தருகிறேன். இன்று ‘லூக்’ என்ற சொல். ரஷ்யர்களுக்கு வெங்காயமும் அதுதான், வில்லும் அதுதான். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசம் வந்தது. எனக்கு மறுபடியும் ஏழு வயதாகிவிட்டது.

அப்பாவுக்கு மாஸ்கோவில் வேலை கிடைத்திருந்தது. சாயங்காலம் அம்மா வெங்காயம் உரிக்க, அப்பா எங்களிடம் ரஷ்யச் சொற்களைக் கேட்பார். ‘லூக்’ என்றால் இரண்டு பொருளையும் சொல்ல வேண்டும். அண்ணன் டக்கென்று சொல்லிவிடுவான். எனக்கு வெங்காயம் வரும், வில் வராது. தெரியாதவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நானே முடிவு செய்து, என் கவுன்களைத் தனிப்பையில் மடித்து வைத்தேன்.

பையைப் பார்த்துவிட்டு அப்பா காரணம் கேட்டார். சொன்னேன்.

“இம்புட்டுதானா? உனக்கும் சேத்துத்தான் டிக்கெட் போட்டிருக்கு. வில்லு வராட்டி போகுது, அங்க வெங்காயம் வாங்கத் தெரிஞ்சாப் போதும்.”

அன்று இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது என் முன்னால் கயல், வில் படத்தைப் பார்த்துக் கண்கலங்க முழித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் குடும்பத்தோடு ரஷ்யா போகிறவள்.

“டிக்கெட் போட்டாச்சா?”

“போட்டாச்சு மிஸ்.”

“உனக்கும் சேத்துத்தானே?”

“ஆமா மிஸ்.”

“பெறகென்ன” என்று படத்தை எடுத்து மேசைக்குள் வைத்தேன். வில் நாளைக்கு வரட்டும்.