சாய்க்காத கண்ணாடி

முடிதிருத்தும் கிராப்பு அண்ணன், கடைப் பலகையை மாட்ட ஏணியில் ஏறி, விழுந்து, முதுகெலும்பை முறித்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. தலைவிதி என்றார்கள் உறவினர்கள். விதியாவது வெங்காயமாவது. ஏணிக்கு ஒரு கால் குட்டை.

மறுவாழ்வு வார்டில் நர்ஸ் முதலில் கற்றுக்கொடுத்தது கண்ணாடி பார்க்க. உணர்வில்லாத சதை புண்ணானாலும் வலிக்காது. அதனால் பின்பக்கம் எங்காவது சிவந்திருக்கிறதா என்று தினமும் கண்ணாடியில் தேட வேண்டும். மற்றவர்கள் இடம் வலம் புரியாமல் திண்டாடினார்கள். அண்ணனுக்கோ கைவந்த கலை.

"ஊர்ப் பிடரியெல்லாம் கண்ணாடியில காட்டின கை இதும்மா. எனக்கே பாடமா?"

வீட்டுக்கு அனுப்பவேண்டிய வாரம் நர்ஸே பார்த்தார். உட்காரும் இடத்தில் நல்ல சிவப்பு.

"தினம் பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேனே."

"எப்படின்னு காட்டுங்க."

காட்டினார். கை தானாகவே கண்ணாடியைச் சற்றுச் சாய்த்தது. சொட்டை விழுந்த வாடிக்கையாளருக்கு அந்த இடத்தை மறைத்துக் காட்டிய பழக்கம்.

"உங்களுக்கே டிமிக்கி குடுத்திருக்கீங்க," என்று நர்ஸ் சிரித்தார். ஆனால் விடவில்லை. சிவப்பு மறையும்வரை உட்காரக் கூடாது. சக்கரக் கட்டிலில் குப்புறத்தான்.

அந்தக் கோலத்தில் கிடக்கும்போது கடைக் கட்டடத்தின் முதலாளி வந்தார்.

"நின்னு செய்யற தொழில்ப்பா. உக்காந்துகிட்டு எப்படி வெட்டுவே? வாசல்ல படி வேற. கடையை வேற ஆளுக்கு விட்டுடறேன்."

படி ஏதோ தானாக முளைத்ததுபோல் பேசினார். கட்டச் சொன்னதே அவர்தான்.

கடை போனால் பிழைப்பும் போச்சு. அண்ணன் கெஞ்சவில்லை. தலைமாட்டில் இருந்த தொழில் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"அந்தக் குட்டை ஸ்டூல்ல உக்காருங்க முதலாளி. காதை மூடி வளந்து கிடக்கு."

மார்புக்குத் தலையணை கொடுத்து, குப்புறப் படுத்தபடியே வெட்டி முடித்தார். வார்டே வேடிக்கை பார்த்தது.

"படுத்துகிட்டே வெட்டியாச்சு. உக்காந்தா வெட்ட மாட்டேனா?"

நர்ஸ் முன்னால் ஒரு கண்ணாடியைப் பிடிக்க, அண்ணன் பின்னால் ஒன்றைப் பிடித்தார். இந்தமுறை நேராக.

"என்னப்பா, இவ்வளவு பெரிய சொட்டையா?"

"பழைய சொட்டைதாங்க. இத்தனை நாளா நான்தான் சாய்ச்சுப் பிடிச்சேன். இனிமே சாய்க்கறதில்ல."

முதலாளி தலையைத் தடவிக்கொண்டே வாசல்வரை போய்த் திரும்பினார்.

"படியை இடிச்சுட்டு, உன் சக்கர நாற்காலி ஏறச் சரிவு போடணும்னா, எவ்வளவு அகலம் வேணும்?"

"உங்க சொட்டையைவிடக் கொஞ்சம் அகலமா இருந்தாப் போதும் முதலாளி."