எஞ்சினுக்கு ஒரு கருவாடு

எங்கள் ஊர்ச் சபையின் நாற்பதாம் ஆண்டு மலரில், போதகர்களின் படங்கள் முடிந்து சமையலறைக் குழுவின் படம் தொடங்குவதற்கு முன்னால், இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது: "டீக்கன் கூ மன்சிக். சபை வாகனப் பொறுப்பாளர். சாந்த குணமுடையவர். பழைய சடங்குகளையும் மூடப் பழக்கங்களையும் அறவே விட்டொழித்தவர். இவரது பராமரிப்பில் சபையின் வாகனம் எக்காலமும் ஆயத்த நிலையில் உள்ளது."

மன்சிக் என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் சாந்தமாக இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அன்று பல் பிடுங்கியிருந்தார். மற்ற இரண்டு வாக்கியங்களைப் பற்றித்தான் இந்தக் கதை. நான் சபை அங்கத்தினன் இல்லை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போடும் நூடுல்ஸுக்கு மட்டும் தவறாமல் போவேன். அதனால் என் சாட்சியத்தில் பக்தி குறைவாக இருக்கலாம். ருசி இருக்கும்.

அந்த வேன் ஒரு பழைய டீசல் வண்டி. நகரத்துப் பெரிய சபை ஒன்று புது வேன் வாங்கியபோது, இதை எங்களுக்கு அன்பளிப்பாகத் தந்தது. வாங்கிக்கொண்டவர்களைவிடத் தள்ளிவிட்டவர்களுக்குத்தான் அதில் ஆசீர்வாதம் அதிகம் என்று மன்சிக் அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு அதன் முகப்பைக் கைக்குட்டையால் துடைப்பார். மலை மேல் குக்கிராமத்தில் இருக்கும் வயதான பெண்களைக் கீழே கொண்டுவர வேறு வண்டி கிடையாது.

வண்டி வந்த அன்று போதகர் பானெட் மேல் கை வைத்து ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மன்சிக்கின் ஆமென்தான் பலமாகக் கேட்டது. அன்று மாலையே அவர் என் வீட்டுக்கு வந்து வெள்ளை நூல்கண்டு இருக்கிறதா என்று கேட்டார். அவர் வீட்டில் நூல் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் மனைவி பொக்சூன் சபையின் மாதர் சங்கத் தலைவி.

"என்னத்துக்கு நூல்?" என்று கேட்டேன்.

"எஞ்சினுக்கு."

புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வண்டி வாங்கினால், முழுக் கருவாடு ஒன்றை வெள்ளை நூலால் சுற்றி அதற்குள் வைப்பது வழக்கம். வண்டிக்கு வர வேண்டிய கெடுதலை மீன் வாங்கிக்கொள்ளும். கருவாட்டுக்கும் இங்கே பஞ்சமில்லை. காங்வொன் மாகாணத்தில் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கக் குளிர்காலத்தில் மீன் காய்கிற மரச் சட்டங்கள்தான். ஆனால் டீக்கன் ஒருவர் அதைச் செய்யலாமா என்று நான் சும்மா சீண்டிப் பார்த்தேன்.

"வாத்தியாரண்ணே, ஜெபம் உள்ள உக்கார்றவங்களுக்கு. எஞ்சினுக்கு என்ன தெரியும்? அதுக்குத் தனியாத்தான் பாக்கணும்" என்றார். இறையியலில் இவ்வளவு தெளிவான எல்லைக்கோட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பெரும்பாலானவர்கள் மீனை வண்டியின் பின்பக்கம் வைப்பார்கள். ஆபத்து முன்னால் இருந்துதானே வருகிறது என்று யோசித்த மன்சிக், பானெட்டுக்குள், டீசல் ஃபில்டருக்குப் பக்கத்தில் கட்டினார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பழைய மீனை எடுத்துவிட்டுப் புதியது வைப்பார். பல வருடங்கள் அது மூடி போட்ட பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக இருந்தது. சாலையில் பனிக்காகக் கொட்டும் உப்பு அந்த டின்னை மெல்ல அரித்துத் தின்றுவிட்டது. இந்த வருடம், ஃபில்டர் மாற்றி வண்டி திரும்பி வந்த பிறகு, வெங்காயம் வருகிற வலைப்பையில் மீனைப் போட்டுத் தொங்கவிட்டார். "கொஞ்சம் காத்தாடட்டுமே" என்றார். வலைக்குள் காற்று மட்டும்தான் போகும் என்று ஏன் நினைத்தார் என்பது தெரியவில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, மறுநாள் மலையேற வேண்டுமே என்று வேனைச் சூடாக்கப் போனார். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. வண்டிக்கடியில் பனி மேல் ஈரம். ஒரே டீசல் நாற்றம். சபைச் சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தியோடு வெளியே வந்து நின்றார்கள். மன்சிக் பானெட்டைத் திறந்தார். திறந்ததைவிட வேகமாக மூடினார்.

"டீசல் பைப் கனெக்டர் போயிடுச்சு" என்றார்.

ஃபில்டரின் வாயில் டீசல் குழாய் வந்து சொருகுகிற சின்ன பிளாஸ்டிக் முழங்கை அது. புதிதாக இருக்கும்போது இரண்டு பக்கமும் அழுத்தினால் கழலும், தள்ளினால் 'டிக்'கென்று பூட்டிக்கொள்ளும். வயதான வண்டியில் அது அப்பளம் மாதிரி.

மூப்பர் சா பியோங்து அங்கே நின்றிருந்தார். எதற்கும் காரணம் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். "போன மாசம் ஃபில்டர் மாத்துனது யாரு?" என்று கேட்டார். மாற்றியவன் யாங் தோசிக். மனைவி பிறந்த ஊர் என்று வந்து, சாலைச் சந்திப்பில் பட்டறை திறந்து ஒரு வருடம்கூட ஆகாதவன். பள்ளத்தாக்கில் பாதி வண்டிகள் இன்னும் நகரத்துப் பட்டறைக்கே போய்க்கொண்டிருந்தன. மீதி, சபை வேன் அவனிடம் போவதைப் பார்த்து நம்பி வந்தவை. சபை வேன்தான் அவனுடைய பெயர்ப்பலகை.

"அப்ப அவன்தான் நெம்பி ஒடச்சிருக்கான். வெளியூர்க்காரன் கை" என்றார் மூப்பர்.

எல்லோரும் மன்சிக்கைப் பார்த்தார்கள். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், சளி என்றும் எடுத்துக்கொள்ளலாம். மூப்பர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முள்ளங்கியோடு சேர்ந்து தோசிக்கின் பெயரும் அன்று முழுக்க அங்கே நறுக்கப்பட்டது.

குளிருகிறது என்று சொல்லி, வேடிக்கை பார்க்க வந்த என்னைத் தவிர எல்லோரையும் விரட்டிவிட்டு, மன்சிக் தானே வைத்தியம் பார்த்தார். உடைந்த இடத்தில் பசை தடவி, அதன் மேல் கறுப்பு டேப்பை உருண்டையாகச் சுற்றினார். டீசல் ஊறிய பிளாஸ்டிக்கில் எந்தப் பசை ஒட்டும்? டீசலை ஏற்றும் கை பம்ப்பை அழுத்தியதும் டேப் உருண்டை எச்சில் துப்புவதுபோல் அவர் முகத்தில் துப்பியது. இதைச் சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்த பொக்சூன் தோசிக்குக்குப் போன் செய்துவிட்டாள்.

தோசிக் வந்து, டேப்பைச் சுரண்டி எடுத்து, டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தான். பிறகு இரண்டு விரலால் வலைப்பையை வெளியே எடுத்தான். ஒரு தலை, கொஞ்சம் வால், நடுவில் நிறைய வெள்ளை நூல்.

"அண்ணே, இங்க ஒருத்தர் குடியிருந்திருக்காரு போல. தல இருக்கு, ஒடம்பக் காணோம்."

மன்சிக் மலையைப் பார்த்தார். எங்கள் மலை அப்படியொன்றும் அழகில்லை.

"கனெக்டர் பாருங்க, பல்லுத் தடம். எலி மீனத் தின்னுட்டு, அப்புறம் இதுல பல்லு தொலக்கியிருக்கு."

"பழசு. தானா ஒடஞ்சிருக்கும்" என்றார் மன்சிக்.

"கொஞ்சம் எலி, கொஞ்சம் வயசு. பசை தடவறேன்னு புடிச்சு ஆட்டியிருக்கீங்க பாருங்க, அதுல கொஞ்சம் நீங்க."

நான் சிரித்துவிட்டேன். மன்சிக் என்னை முறைத்தார். நூல் கொடுத்தவன் சிரிக்கக் கூடாது என்பது அந்தப் பார்வை.

வேலை தொடங்கியது. பழைய வேன்களில் இது அடிக்கடி போகும் என்பதால் தோசிக்கிடம் அந்த அளவில் புதுக் கனெக்டர் இருந்தது. எலி கடித்த பகுதியைத் தாண்டிக் குழாயை பிளேடால் நேராக வெட்டினான். கனெக்டரின் மறுமுனை வரிவரியாக இருக்கும். அதை விறைத்த குழாய்க்குள் நுழைக்கக் குழாயைச் சூடாக்க வேண்டும். மன்சிக் ஆர்வமாக லைட்டரை எடுத்து நீட்டினார். தோசிக் லைட்டரைப் பார்த்தான், கீழே தேங்கியிருந்த டீசலைப் பார்த்தான், பிறகு மன்சிக்கைப் பார்த்தான்.

"அண்ணே, மீன் வாங்கிக்கிற கெடுதலுக்கும் ஒரு அளவு இருக்கு."

பொக்சூன் கொதிக்கக் கொதிக்க பார்லி டீ கெண்டியைக் கொண்டுவந்தாள். குழாயின் நுனியை ஒரு கோப்பை பார்லி டீயில் முக்கி, இளகியதும் அந்த வரி முனையைத் திருகாமல் ஒரே அழுத்தாக உள்ளே தள்ளினான். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் டீசலைத் தடவி ஃபில்டர் வாயில் சொருகினான். 'டிக்'. பூட்டிவிட்டதா என்று பின்னுக்கு இழுத்துப் பார்க்கச் சொன்னான். மன்சிக் மாடு இழுப்பது மாதிரி இழுத்தார், அது வரவில்லை. பம்ப் கல்லாக இறுகும்வரை அழுத்தினார்கள். குழாயில் இருந்த காற்றெல்லாம் போய், எஞ்சின் இருமி, புகைந்து, பிடித்துக்கொண்டது.

தோசிக் மீன் தலையைத் துணியில் சுற்றி மன்சிக்கின் கோட்டுப் பையில் வைத்தான்.

"இத நான் பாக்கல. ஆனா நான்தான் ஒடச்சேன்னு உள்ள பேசிக்கிறாங்கன்னு என் பொண்டாட்டிக்குப் போன் வந்துடுச்சு. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்லட்டும்ணே?"

"யாரு கேக்கப் போறாங்க" என்றார் மன்சிக்.

ஞாயிற்றுக்கிழமை வேன் மலையேறி எல்லோரையும் கொண்டுவந்தது. ஆராதனை முடிந்து கூடத்தில் நூடுல்ஸ் வந்தது. மன்சிக் எத்தனை சோப்புப் போட்டாரோ, இன்னும் டீசல் மணத்தோடுதான் இருந்தார். தோசிக் ஒரு மூலையில் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை அவன் பட்டறையில் வண்டி விடுவதாகச் சொல்லியிருந்த இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போய் வேறு மேசையில் உட்கார்ந்தார்கள்.

மூப்பர் சா எழுந்து, இனி சபை வேன் நகரத்துப் பட்டறைக்கே போகும் என்று அறிவித்தார். யார் மனதையும் புண்படுத்துவதற்காக இல்லை என்று சேர்த்துக்கொண்டார். அப்படிச் சொன்னால் யாரைப் புண்படுத்துகிறார் என்பது எல்லோருக்கும் தெளிவாகிவிடுகிறது.

பொக்சூன் கணவன் பக்கம் குனிந்தாள். எதிரே உட்கார்ந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"வருசா வருசம் நம்ம வீட்டுல ஒரு கருவாடு கொறையறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

மன்சிக் நூடுல்ஸ் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

"ஒங்களுக்கு வர வேண்டியத அந்த மீன் வாங்கிக்கிச்சு. மிச்சத்த இந்தப் பையன் வாங்கிக்கணுமாக்கும்?"

மன்சிக் எழுந்தார். வாகனப் பொறுப்பாளராக ஓர் அறிவிப்பு என்று தொடங்கி, பனிக்கால டயர்களைப் பற்றிப் பேசினார். சாலை உப்பு இரும்பை எப்படித் தின்கிறது என்று விளக்கினார். வண்டியில் ஏறுமுன் காலணியில் ஒட்டிய பனியைத் தட்ட வேண்டும் என்றார். பொக்சூன் தொண்டையைச் செருமினாள். அந்தச் சத்தத்தைச் சளி என்று யாரும் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

"தோசிக் ஒடைக்கல. எலி கடிச்சது. எலி வந்தது கருவாட்டுக்கு. கருவாடு நான் கட்டுனது" என்றார் மன்சிக்.

போதகர் தன் கிண்ணத்தை மிகவும் கவனமாகப் பார்த்தார். "டீக்கன், நீங்களா?" என்று மட்டும் மூப்பர் சா கேட்டார். மேல் கிராமத்துச் சம்போக் அத்தைக்குக் காது மந்தம். பக்கத்திலிருந்தவள் விஷயத்தைக் காதில் ஓதியதும் சத்தமாகக் கேட்டாள்:

"தல எந்தப் பக்கம் பாத்துச்சு?"

"எஞ்சின் பக்கம், அத்தை."

"அதான். ரோட்டப் பாத்துல்ல வெக்கணும்."

போதகர் இருமினார். அதற்குள் இரண்டு மூன்று ஆண்கள் குளிர்காற்று வாங்குவதுபோல் வெளியே நழுவிக்கொண்டிருந்தார்கள். சன்னல் வழியாகப் பார்த்தேன். தேவாலய வளாகத்தில் வரிசையாக பானெட்டுகளும் பின்கதவுகளும் திறந்தன. மூப்பர் சாவும் கொஞ்ச நேரம் பொறுத்து எழுந்துபோனார். தன் வண்டி பானெட்டைப் பாதி தூக்கிப் பார்த்துவிட்டு, கூடத்து வாசலுக்கு வந்து, தோசிக்கிடம் டார்ச் இருக்கிறதா என்று தணிந்த குரலில் கேட்டார். தோசிக் கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தான். நகரத்துப் பட்டறையைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

வேனில் இப்போது புதுக் கருவாடு இருக்கிறது. மூடி இறுக்கமான டப்பா, பின்பக்கம், தலை ரோட்டைப் பார்த்தபடி. டப்பாவைக் கொடுத்தது பொக்சூன். நூல் என்னுடையது. போதகர் அந்த மூலைப் பக்கம் பார்ப்பதில்லை.

ஆண்டு மலருக்குத் திருத்தம் எதுவும் வரப்போவதில்லை. ஆகவே நடந்ததை நான் எழுதிவைக்கிறேன். கூ மன்சிக் சபை வேனின் எஞ்சினுக்குப் பக்கத்தில் கருவாடு கட்டினார். அதனால் டீசல் குழாய் போயிற்று. பழி யாங் தோசிக்கின் மேல் விழுந்தபோது ஒரு நாள் பேசாமல் இருந்தார். மறுநாள், நூடுல்ஸ் ஆறுவதற்குள், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று மீன் தன்னுடையது என்று சொன்னார்.