நேராக நின்ற வரி

கடந்த சித்திரையில் ஒரு நண்பகல். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மரகதம் அக்கா போனில் பதறினார். கொட்டகை மின்விசிறிகளை இயக்க நான் எழுதிய புரோகிராமில், நான் சொன்னபடி அவர் ஒரு வரி சேர்த்ததும் அவை நின்றுவிட்டன. கையால் போடும் சுவிட்சும் பழுது.

"மேல் வரிக்கு நேராத்தானுங்க தள்ளி எழுதினேன். கோழியெல்லாம் வாயைப் பொளக்குதுங்க!"

அவர் அனுப்பிய கணினித் திரையின் படத்திலும் வரிகள் நேராகவே இருந்தன.

"ரெண்டு வரியிலயும் தொடக்கத்துல கர்சரை வெச்சு, வலது அம்புக்குறியைத் தட்டுங்கக்கா."

"என் வரியில ஒரே தாவாத் தாவுதுங்க. மேல் வரியில பொடிநடையாப் போகுது."

அவர் தட்டியது டேப், ஒரே தட்டில் பல இடம் தள்ளும் விசை. மேல் வரிகளில் நான் தட்டியிருந்தது ஸ்பேஸ், ஒவ்வோர் இடமாகத் தள்ளுவது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு; இரண்டும் கலந்தால் புரோகிராம் ஓடாது.

"டேப்பை அழிச்சுப்போட்டு ஸ்பேஸ் தட்டுங்க."

அவர் திருத்தி மறுபடி ஓட்டியதும் மின்விசிறிகளின் இரைச்சல் போனில் கேட்டது.

"ஏனுங்க, வெத்து எடத்துலயுமா சாதி பாக்குது உங்க கம்ப்யூட்டர்?"

என்னால் சிரிக்க முடியவில்லை. நேராக இருக்கிறது என்று அவர் சொன்னது உண்மைதான். எதைத் தட்டி நேராக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்ல எனக்குத்தான் தோன்றவில்லை.