சொல்லக் கூசிய ரத்தம்

அது எழுபதுகளின் நடுவில். எனக்கு வயது இருபத்து மூன்று; வயிற்றில் ஐந்து மாதம். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என் கணவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் சிறுநீர் செக்கச்செவேலென்று போயிற்று. வலி துளியும் இல்லை. மாமியாரிடம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன்.

“ஒண்ணுக்குப் போம்போது மட்டும்தான் அத்த, ரத்தம் வருது. மத்த நேரத்துல புடவைல ஒரு பொட்டு கூட இல்ல.”

“இத்தெல்லாம் ஆம்பளகிட்ட சொல்லிக்கினு இருப்பாங்களா? தீட்டு படுதுன்னு நான் சொல்லிக்கிறேன்” என்றார்.

சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு கணவர் டாக்டரிடம் போனார். மாசமாக இருப்பவள் பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று என்னை அழைத்துப் போகவில்லை. என் வார்த்தை டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது. கரு கலையப் பார்க்கிறது, எழுந்திருக்கவே விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார் அந்தப் புண்ணியவான், என் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். இரண்டு மாதம் தலைகீழாகத் தொங்காத குறை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் மாதுளை கொடு, நேர்ந்துகொள் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ரத்தம் நிற்பதும் வருவதுமாக இருந்தது. நின்றபோதெல்லாம் படுக்கைதான் காப்பாற்றியது என்றார் மாமியார். கணவரிடம் நானே சொல்லியிருக்கலாம். வெட்கம். அந்த வெட்கத்தை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஏழாம் மாதம் ரத்தம் கட்டிகட்டியாக வந்து சிறுநீரே அடைத்துக்கொண்டது. அப்புறம்தான் டாக்ஸி வைத்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு லேடி டாக்டர் ரப்பர் குழாய் விட்டார். குழாயில் ரத்தம் இறங்கியது.

“இது கர்ப்பப்பையிலேருந்து வரலம்மா. மூத்திரப்பையிலேருந்து வருது. இத்தினி நாளா யாருமே பாக்கலியா?”

மெட்ராஸில் விளக்கு வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். புற்று. முதலிலேயே வந்திருந்தால் சுரண்டி எடுத்துச் சுட்டிருப்போம், இப்போது வேர் தசைக்குள் இறங்கிவிட்டது என்றார் பெரிய டாக்டர். எட்டாம் மாதம் முடிந்ததும் வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அடுத்தது மூத்திரப்பை. அதை அடியோடு எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு வெளியே ஒரு பை மாட்ட வேண்டும், ஆயுசுக்கும்.

இதையெல்லாம் பெரிய டாக்டர் என் கட்டில் பக்கத்தில் நின்று என் கணவருக்கு விளக்கினார். காகிதத்தையும் அவரிடமே நீட்டினார். அவர் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார். சம்மதமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.