பரவாயில்லை அக்கா எழுந்து நின்ற படம்

கண்ணாடிக் கடையில் அவளுடைய வேலை ஃபிரேமுக்குள் லென்ஸைப் பொருத்துவது. ஃபிரேமைச் சூடுகாட்டி விரிப்பாள், லென்ஸை உள்ளே அமுக்குவாள், கடுகளவு ஸ்க்ரூவைத் திருகுவாள், கடைசியில் துணியால் ஒரு துடைப்பு. கை இதைச் செய்துகொண்டிருக்கும்போது வாய் சினிமா பேசும். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று மத்தியானக் காட்சிக்குப் போவாள். புதன்கிழமை காலை அந்தப் படம் கடைக்கு வந்துவிடும்.

கடையில் அவளுக்குப் 'பரவாயில்லை அக்கா' என்று பெயர். வைத்தவள் கண் பரிசோதிக்கிற பெண். காரணமில்லாமல் வைக்கவில்லை. அக்கா எந்தப் படத்தையும் மோசம் என்று சொன்னதே கிடையாது. "பாவம், அவங்களும் தூக்கம் முழிச்சுத்தானே எடுத்திருப்பாங்க" என்பாள். பிடித்திருந்தால் வாரம் முழுக்க அதையே பேசி எல்லோர் காதையும் புண்ணாக்குவாள். பிடிக்கவில்லையென்றால் "பரவாயில்லை" என்று ஒரே சொல். சொல்லிவிட்டு அடுத்த ஃபிரேமை எடுத்துவிடுவாள். அந்தச் சொல் விழுந்தால் படத்துக்குச் சங்கு ஊதியாயிற்று என்று கடையில் எல்லோருக்கும் தெரியும்.

பெரிய படங்கள் அவளுக்கு ஆகாது. கூட்டமும் சத்தமும் தலைவலி. அவள் தேடிப் போவதெல்லாம், அரங்கில் பத்துப் பேர் சிதறி உட்கார்ந்திருக்கும் சின்னப் படங்களுக்கு. அதிலும் பேய்ப்படம் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"காசு இருக்கிறவன் பேயைக் காட்டுறான், காசு இல்லாதவன் கதவைக் காட்டுறான். எனக்குக் கதவுதாம்மா பயம்" என்பாள். "பேய் வந்து நின்னுட்டா அப்புறம் என்ன இருக்கு? அதுக்கும் மூக்கு இருக்கு, பல்லு இருக்கு, மூஞ்சியில மாவைப் பூசிக்கிட்டு நிக்குது. நம்ம கடைக்கு வந்தா அளவெடுத்து ஒரு கண்ணாடியை மாட்டி அனுப்பிடலாம்."

சமீபத்தில் பார்த்ததில் ஒன்று, முழுக்க முழுக்க நின்றுபோன லிஃப்டுக்குள்ளேயே நடக்கிற கதை. "உள்ள மூணு பேருதான். கடைசியில கதவு திறக்குது, நாலு பேரு வெளிய வர்றாங்க. அவ்வளவுதான் படம். ஒரு வாரம் நான் மாடிப்படியிலதான் ஏறினேன்." இதைச் சொல்லும்போதே முன்னங்கையை நீட்டிக் காட்டினாள். மயிர் நிஜமாகவே சிலிர்த்திருந்தது.

பேயே இல்லாத படம் ஒன்றும் பார்த்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஓடாத மின்விசிறியைக் கழற்றுகிறார், துடைக்கிறார், மாட்டுகிறார். வேறு கதை கிடையாது. பாதிப் படத்தில் முன்வரிசை காலியாகிவிட்டது. அக்கா அசையவில்லை.

"கடைசியில அந்த ஃபேன் சுத்துதுடி. மேஜைமேல இருந்த பேப்பர் லேசா அசையுது. அந்தக் காத்து என் முகத்துல பட்டுச்சு!"

"அது தியேட்டர் ஏசியா இருக்கும் அக்கா" என்றாள் கண் பரிசோதிக்கிற பெண்.

"ஏசி அன்னிக்கு வேலை செய்யலைடி. அதைத்தானே சொல்றேன்!"

அவளுக்கென்று இரண்டு சட்டங்கள் உண்டு. வாங்கிய சோளப்பொரிப் பொட்டலம் இடைவேளைக்குள் காலியானால் படமும் காலி. நல்ல படம் பார்க்கிறவளுக்கு வாயில் போடத் தோன்றாது. இரண்டாவது, எவ்வளவு நல்ல படமானாலும் மறுபடி பார்ப்பதில்லை. "பார்த்ததையே பார்க்கிறதுக்கு நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்?"

முன்பெல்லாம் அவள் கணவரோடுதான் போவாள். அவர் பஸ் டிரைவர். டைட்டில் முடிவதற்குள் தூங்கிவிடுவார், பேய் அலறும்போது மட்டும் விழித்து, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்பார். வேலை முடிந்து எந்நேரத்தில் வருவார் என்று சொல்ல முடியாது. சாவி சட்டைப்பையிலேயே இருக்கும். ஆனாலும் தட்டுவார். அடுத்தடுத்து இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு மெதுவாக ஒன்று. அவள் உள்ளேயிருந்து "யாரு?" என்பாள். "நான்தான்" என்பார். "நான்தான்னா யாரு?" "நான்தான்னா நான்தான்." தினமும் இதே கூத்து.

"சாவியைப் போட்டுத் திறந்து வரக் கூடாதா?" என்று அவள் அலுத்துக்கொண்டால், "சாவி போட்டுத் திறக்கத் திருடனுக்குக்கூடத் தெரியும். திறந்துவிட ஆள் இருக்கிறவன்தாண்டி வீட்டுக்காரன்" என்பார்.

ஒருநாள் வேலைக்குப் போனவர் வரவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே நெஞ்சு நின்றுவிட்டது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தார். அன்றைக்குக் கதவைத் தட்டியவர்கள் வேறு ஆட்கள். அதற்குப் பிறகு யார் தட்டினாலும் அவள் கதவுவரை போய்த் திறக்க முடியாமல் நின்றாள். பார்த்துப் பொறுக்காமல் கொழுந்தன்தான் வாசலில் அழைப்பு மணி ஒன்றை வாங்கி மாட்டினான். இனி யாரும் தட்ட வேண்டியதில்லை என்றானது.

இந்தக் கொழுந்தன், கல்லூரிக் காலம் முழுக்க அவர்கள் வீட்டு முன்னறையில் படுத்து வளர்ந்தவன். அண்ணனுக்கும் தம்பிக்கும் முகச்சாயல் ஒத்துப்போகாது, குரல் மட்டும் அச்சு அசல். ஒழுங்காக ஒரு ஆபீசில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் பேய்ப்படம் எடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும்? ஏறினான். படப்பிடிப்புக்கு வீடு அமையவில்லை. அண்ணியிடம் கேட்டான்.

"சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுடாதே" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு, அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கதை என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் படம் போய்விடும் என்பது அவள் கொள்கை.

படம் ஒரு தியேட்டரில் வந்தது, மத்தியானம் ஒரே காட்சி. வந்த மூன்றாம் நாள் கொழுந்தன் கடைக்கே வந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அண்ணி, பழைய ஆபீசுல மறுபடி கூப்பிட்டிருக்காங்க. புதன்கிழமை பதில் சொல்லணும். நீங்க செவ்வாய்க்கிழமை பாருங்க. மத்தவங்க ஆயிரம் சொல்லட்டும். நீங்க 'பரவாயில்லை'ன்னு சொல்லிட்டா, நான் பேசாம வேலைக்குப் போயிடறேன்."

"அடப்பாவி, உன் சோத்துல என்னை ஏன்டா கை வைக்கச் சொல்றே?"

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க அண்ணி. அதான்."

அன்று மாலை வரை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வலதுபக்க லென்ஸை இடதுபக்கம் மாட்டி, கண் பரிசோதிக்கிற பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். படம் பிடிக்காமல் போனால்? பொய்யும் வராது, உண்மையும் சொல்ல முடியாது. மெல்லவும் முடியாத விழுங்கவும் முடியாத இடம் அது.

செவ்வாய்க்கிழமை. வழக்கமான நடு வரிசை, மடியில் சோளப்பொரி. கொழுந்தன் உள்ளே வரவில்லை, வெளியிலேயே நின்றுகொண்டான். விளக்கு அணைந்தது. திரையில் முதலில் வந்தது அவள் சமையலறைக் குழாய்.

தன் வீட்டையே யாரோ வீடுபோலப் பார்த்தாள். அதே துணிக்கொடி, அதே நாற்காலி, அவள் சாவி கீறிக் கீறிப் பெயிண்ட் உரிந்த அதே கதவு. அந்த வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். காய் நறுக்குகிறாள், துணி மடிக்கிறாள், அவ்வப்போது கதவைப் பார்க்கிறாள். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஆனாலும் அரங்கில் ஒருவரும் இருமவில்லை. காசே இல்லாமல், தினமும் பெருக்கித் துடைக்கிற கூடத்தை வைத்து, இத்தனை பேரை இந்தப் பயல் கட்டிப் போட்டிருக்கிறானே! அக்காவுக்கு மூச்சு விடவே தயக்கமாக இருந்தது. இடைவேளை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

பிறகு அந்தக் கதவு. காமிரா அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

டக் டக்.

முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டக்.

திரையில் இருந்தவள் நடுங்கும் குரலில் கேட்டாள்: "யாரு?"

"நான்தான்."

யாரோ வீலென்று கத்தினார்கள். அக்காவுக்குப் பின்னால் இருக்கை படாரென்று மடங்கியது. அவள் எழுந்து நின்றிருந்தாள். "இதோ வரேன்" என்று சொன்னது தன் வாய்தான் என்பது சொன்ன பிறகே அவளுக்குத் தெரிந்தது.

திரையில் அந்தப் பெண் திறக்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு பின்வாங்கினாள். அரங்கமே, திறக்காதே திறக்காதே என்று மூச்சைப் பிடித்திருந்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"திறயேண்டி! எவ்வளவு நேரமா நிக்கிறாரு!"

யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்த ஒன்றிரண்டு பேரும் அவள் முகத்தைக் கண்டு திரும்பிக்கொண்டார்கள். அத்தனை பேருக்கும் வயிற்றைப் பிசைந்த அந்தத் தட்டு, அவளுக்கு மட்டும் வயிற்றில் பால் வார்த்தது. இது எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. பேய் என்று ஒன்று இருந்தால் அது இப்படியா இருக்கும், இவ்வளவு தெரிந்த ஆளாகவா? உட்காரத் தோன்றவில்லை. திரையில் ஒரு கை மெல்லத் தாழ்ப்பாளைத் தொட்டது. தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறப்பதற்குள் படம் முடிந்துவிட்டது.

வெளியே வந்தாள். கொழுந்தன் போஸ்டர் பக்கத்தில் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணி, ஷூட்டிங் அன்னிக்கு வாசல் மணியைக் கழட்டி வெச்சிருந்தேன். முன்னறையில படுத்துக்கிட்டு எத்தனை வருஷம் கேட்ட தட்டு அது. உங்ககிட்ட கேட்டா வேணாம்னுடுவீங்களோன்னு பயந்துட்டேன். கேட்காம எடுத்தது தப்புதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பரவாயில்லை."

கொழுந்தனின் முகத்தில் ஈயாடவில்லை. "சரி அண்ணி. நாளைக்கே ஆபீசுக்குப் பதில் சொல்லிடறேன்" என்று படியிறங்கத் தொடங்கினான்.

பாதிப் படி அவன் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"டேய், நில்லுடா!" தெருவே திரும்பிப் பார்த்தது. "மண்டு! கேட்காம எடுத்துட்டேன்னு சொன்னியே, அதுக்குடா பரவாயில்லை. படத்துக்கு இல்லடா!"

அவன் அங்கேயே நின்றான். "அப்ப படம்?"

அவள் இறங்கிவந்து சோளப்பொரிப் பொட்டலத்தை அவன் கையில் வைத்தாள். பிரிக்கவே இல்லை. அவன் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"படம் எத்தனை நாள் ஓடும்?" என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் அண்ணி."

"அப்ப நாளைக்கும் வரேன். கடைக்கு லீவு சொல்லிடறேன்."

"நீங்கதான் எந்தப் படத்தையும் ரெண்டாவது தடவை பார்க்க மாட்டீங்களே?"

"படம் பார்க்க யாருடா வர்றா?" என்றாள். "அவரு தட்டறப்போ திறக்க ஆள் வேணாமா?"